உலர் உணவில் ஒளிந்திருக்கும் உயிர்கள்

நன்கு உலர்ந்த பொருளில் கிருமி இராது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. ஈரலிப்பு இல்லாத இடத்தில் பற்றீரியா பெருகாது என்பது உண்மையே. ஆனால் அது இறந்துவிடுவதில்லை. ஒடுங்கி, மாதக்கணக்காகக் காத்திருக்கும். 2000, 2001 ஆம் ஆண்டுகளில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பலரை நோயில் வீழ்த்திய சல்மொனெல்லா, கலிபோர்னியாவின் பச்சைப் பாதாம் பருப்பிலிருந்து வந்தது. 2004 இல் மீண்டும் அதே கதை. அதனால் 2007 முதல் அங்கு விளையும் பாதாமுக்குக் கிருமி நீக்கும் பரிகரிப்பு கட்டாயமாயிற்று. நீராவி ஒரு வழி. புரொப்பிலீன் ஒட்சைட்டு வாயு இன்னொரு வழி. பத்தாயிரம் கிருமிகளில் ஒன்றுக்கு மேல் எஞ்சக் கூடாது என்பது அங்குள்ள அளவுகோல்.

அந்த எஞ்சிய ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? உயர்தர உயிரியல் படிக்கத் தொடங்கியது முதல் என்னை விடாமல் துரத்தும் கேள்வி இது.

வாயு தாக்கிய கலங்களில் சில சாகும், சில காயத்தோடு தப்பும். சல்மொனெல்லாவைப் பிரித்தறியும் வளர்ப்பூடகங்கள் பலவற்றில் பித்த உப்பு இருக்கும். திடமான சல்மொனெல்லா அதைத் தாங்கும். மென்சவ்வு காயப்பட்டது தாங்காது. ஆகவே தட்டு வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து "இல்லை" என்று எழுதிவிட்டால், அந்தக் கிருமி பிறகு ஈரமான உணவில் சேர்ந்து, காயம் ஆறி, பெருகத் தொடங்கும்.

எனவே ஆய்வாளர் முதலில் அதைத் தேற்றுகிறார். 25 கிராம் மாதிரியை 225 மில்லிலீற்றர் பெப்டோன் நீரில் இட்டு, 37 பாகை செல்சியசில் ஏறத்தாழ 18 மணி நேரம் வைக்கிறார். கடுமையான ஊடகங்கள் அதன் பின்னரே. பால்மாவென்றால் குலுக்குவதுகூட இல்லை. மேலே மெல்லத் தூவி, ஒரு மணி நேரம் தானாக ஊற விடுவார்கள். காய்ந்த கலம் திடீரென நீரைக் கண்டாலும் சிதைந்து போகலாம். கொல்ல வேண்டிய எதிரிக்கு இத்தனை பணிவிடையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நம் நாட்டுக் கறுவாவும் கராம்பும் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரர்கள். அவற்றில் இயற்கையாகவே கிருமியை அடக்கும் சேர்வைகள் உள்ளன. வழக்கம்போல் பத்து மடங்கு ஐதாக்கினால், உயிரோடு இருக்கும் பற்றீரியாவும் ஊடகத்தில் வளராது. அதனால் கறுவாவை நூறு மடங்கும், கராம்பை ஆயிரம் மடங்கும் ஐதாக்குகிறார்கள். உள்ளிக்கும் வெங்காயத்துக்கும் பொற்றாசியம் சல்பைற்றுச் சேர்ப்பார்கள். வாயு முற்றாக வெளியேறாத மாதிரியும் இப்படியே ஏமாற்றக்கூடும்.

டி.என்.ஏ.யைத் தேடும் பீ.சி.ஆர். முறை விரைவானது. ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.யையும் அது காட்டிவிடும். மென்சவ்வு சிதைந்த கலத்துள் மட்டும் புகுந்து, அதன் டி.என்.ஏ.யை மறைக்கும் சாயம் ஒன்று இப்போது உண்டு. வாயுவால் இறந்தும் மென்சவ்வு சிதையாத கலத்துள் அந்தச் சாயம் புகாது. ஆகவே பொறுமையாக வளர்த்துப் பார்க்கும் பழைய முறையையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஆய்வறிக்கையும் "25 கிராமில் காணப்படவில்லை" என்றுதான் சொல்லும். மூட்டை முழுவதற்கும் அது உத்தரவாதம் தராது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பதனிட்ட இறைச்சியால் பரவிய நோய்க்கு, அதன்மேல் கடைசியில் பூசிய மிளகே காரணமாயிற்று. அதை வாசித்த பிறகு, மிளகுத்தூளை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தூவாமல், கறி கொதிக்கும்போதே போடச் சொல்லி உம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.