நண்பகல் மின்சாரமும் அந்திநேரத் தேவையும்: விழுப்புரம் வட்டாரத்திலிருந்து சில திருத்தங்கள்

சூரிய ஒளி, காற்று, கரும்புச் சக்கை போன்ற தீர்ந்துபோகாத மூலங்களிலிருந்து பெறப்படுவது புதுப்பிக்கத்தக்க மின்சாரம் எனப்படுகிறது. அதைக் குறித்து விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் எதிரெதிரான இரண்டு நம்பிக்கைகள் அருகருகே நிலவுகின்றன. வெயிலுக்கு விலை இல்லாததால் அதிலிருந்து வரும் மின்சாரமும் ஏறக்குறைய இலவசமே என்பது ஒன்று. மானியம் கொடுத்தாலொழிய அது யாருக்கும் கட்டுப்படியாகாது என்பது மற்றொன்று. இரண்டுமே தவறானவை, ஆயினும் அவற்றை ஒரே விடையால் திருத்திவிட முடியாது, ஏனெனில் எந்த நேரத்து மின்சாரம், எந்த இடத்து மின்சாரம், செலவு யார் தலையில் விழுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை தேட வேண்டியிருக்கிறது.

கட்டுப்படியாகாது என்ற எண்ணம் பழைய விலையிலிருந்து பிறந்தது. 2014இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை வகுத்தது; இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அந்த விலைக்கே ஒப்பந்தமானது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு மின்வாரியம் நடத்திய ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. அதே 2017இல் ராஜஸ்தானின் பாட்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கே ஏலம் முடிந்தது. புதிதாகக் கட்டப்படும் அனல்மின் நிலையம் எதுவும் இந்த விலையை எட்ட முடியாது. ஆனால் மலிவு வேறு, இலவசம் வேறு. அனல்மின் நிலையம் நிலக்கரியை எரிக்க எரிக்கக் காசு கொடுக்கிறது. சூரிய மின்நிலையமோ 25 ஆண்டுச் செலவின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே, அதுவும் பெரும்பாலும் கடன் வாங்கி, செலுத்திவிடுகிறது. ஆகவே அதன் யூனிட் விலையில் சூரியத் தகட்டின் விலைக்கு இணையாக வங்கி வட்டியும் கலந்திருக்கிறது.

மாடியில் தகடு பொருத்தினால் எந்த வீட்டுக்கும் கட்டணச் சுமை தீரும் என்ற நம்பிக்கையைக் கணக்கிட்டே சோதிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் எனில் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். திண்டிவனத்தில் இரண்டு குளிர்சாதனங்களோடு இரு மாதங்களுக்கு 720 யூனிட் செலவிடும் வீடு ஒன்றுக்கு, 2024 ஜூலைக் கட்டண அட்டவணைப்படி, ஏறக்குறைய 4,100 ரூபாய் கட்டணம் வரும். மூன்று கிலோவாட் அமைப்பு அந்த 720 யூனிட்டையும் ஈடுசெய்துவிடுவதால் ஆண்டுக்கு 24,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். சுமார் இரண்டு லட்ச ரூபாய் முதலீட்டில் மானியம் போக எஞ்சும் தொகை ஐந்து ஆண்டுகளில் திரும்பிவிடும். அதே தெருவில் இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, சில விளக்குகளோடு இரு மாதங்களுக்கு 200 யூனிட் செலவிடும் வீட்டுக்கோ முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூற்றுக்கு 235 ரூபாய் மட்டுமே கட்டணம். ஆண்டு முழுவதும் மிச்சமாவது 1,410 ரூபாய். மானியம் போக ஒரு கிலோவாட்டுக்குக் கையிலிருந்து போடும் 40,000 ரூபாய் திரும்ப 28 ஆண்டுகள் ஆகும், தகடு அதற்குள் தன் ஆயுளை முடித்துவிடும். வாடகைக் குடித்தனம், ஓட்டு வீடு, குடிசை ஆகியவை இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

அதிகம் செலவிடும் வீடுகளுக்கு மட்டுமே தகடு ஆதாயம் தருவதன் பின்விளைவு பலரும் எண்ணிப் பார்க்காதது. யூனிட்டுக்கு 8, 9 ரூபாய் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டும் அரசு தரும் மானியத்தைக் கொண்டுமே சிறு நுகர்வோருக்குக் குறைந்த கட்டணம் சாத்தியமாகிறது. மேல் படிநிலையில் இருப்போர் மாடியில் தகடு பொருத்திக்கொண்டு பகல் கணக்கைத் தீர்த்துவிட்டாலும் இரவு ஏழு மணிக்கு அதே கம்பியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தக் கம்பியையும் மின்மாற்றியையும் பராமரிக்கும் செலவு குறைவதில்லை, வருவாய் மட்டும் குறைகிறது. தகடு பொருத்துவோரைக் குறைசொல்ல இதில் இடமில்லை. கட்டணத்தை வகுக்கும் முறை பழைய காலத்திலேயே நிற்கிறது என்பதே குறை.

சோலார் வைத்த வீட்டில் மின்வெட்டு இராது என்பது விற்பனையாளர்களும் தெளிவாகத் திருத்தாத நம்பிக்கை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய தடையில், மேகம் விலகி வெயில் அடித்தாலும், பேட்டரி இல்லாமல் மின்கட்டமைப்போடு மட்டும் இணைந்திருக்கும் மாடித் தகடுகள் ஒரு விளக்கைக்கூட எரிக்காது. பொது வழித்தடத்தில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர், அதாவது தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டுக்குரிய மாறுமின்சாரமாக மாற்றும் கருவி, தானாகவே அணைந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இல்லையேல் மாடியிலிருந்து கம்பிக்குப் பாயும் மின்சாரம் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைப் பறித்துவிடும். மின்தடையிலும் இயங்க வேண்டுமெனில் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும், அவை செலவைக் கணிசமாக உயர்த்தும். மரக்காணம் உப்பளக் காற்றை எதிர்கொள்ளும் கடலோர ஊர்களில் துருவேறாத தாங்கிகளும், புயற்காற்றைத் தாங்கும் நங்கூரப் பிணைப்பும் கூடுதல் செலவே.

வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று நினைப்பதும் பிழை. தகட்டின் திறன் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அளக்கப்படுகிறது; அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறைகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் மொட்டைமாடித் தகடு 65 பாகையைத் தொடும்போது 14 சதவீதம் இழப்பாகிவிடும். வானூர் வட்டத்துக் கல்குவாரிகளையும் கிரஷர்களையும் அடுத்த ஊர்களில் தகட்டின்மேல் படியும் வெண்துகளைக் கழுவாமல் விட்டால் இழப்பு இன்னும் கூடும்.

இவை அனைத்தையும்விடப் பெரிய சிக்கல் மாலையில் தொடங்குகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சூரிய மின்உற்பத்தி நண்பகலில் சில ஆயிரம் மெகாவாட்டாக எழுந்து, மாலை நான்கு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் சுழியத்துக்கு இறங்குகிறது. அந்த நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் அடுக்களைக் கருவிகளும் குளிர்சாதனங்களும் ஒருங்கே இயங்கத் தொடங்குகின்றன. அனல்மின் நிலையத்தை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. கொதிகலன் குளிர்ந்துவிட்டால் மீண்டும் முழுத் திறனுக்கு வரப் பல மணி நேரம் ஆகும். எனவே இரவு ஏழு மணிக்குத் தேவைப்படும் நிலையம் நண்பகலிலும் பாதித் திறனில், தேவையில்லாத மின்சாரத்தைத் தந்தபடி ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதன் விளைவாகச் சில வேளைகளில் மலிவான காற்று மின்சாரமும் சூரிய மின்சாரமும் நிறுத்திவைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் நடந்த இத்தகைய நிறுத்தங்கள் தொடர்பான வழக்கில் 2021 ஆகஸ்டில் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உற்பத்தியாளர்களுக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

நண்பகல் மின்சாரத்தை அந்திக்குக் கொண்டுபோகும் வழிகள் தெரியாதவை அல்ல. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1987 முதல் இயங்குகிறது: மின்சாரம் மிகும்போது கீழ் அணையிலிருந்து நீரை மேலே ஏற்றிவைத்து, தேவை எழும்போது அதை இறக்கி மின்சாரம் எடுக்கும் முறை அது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே வகை நிலையம் கட்டப்பட்டு வருகிறது. நண்பகலுக்கும் அந்திக்கும் இடையிலான இடைவெளியை நிரப்ப உதவும், விழுப்புரத்துக்கே உரிய வளம் ஒன்று கவனிக்கப்படாமல் இருக்கிறது. முண்டியம்பாக்கம் போன்ற சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்துத் தமக்கும் கட்டமைப்புக்கும் மின்சாரம் தர வல்லவை. அரவைப் பருவத்தில் இரவும் பகலும் ஓடக்கூடிய புதுப்பிக்கத்தக்க மின்சாரம் அது. கரும்பு வரத்து குறைந்தால் அதுவும் குறையும் என்பதால் ஆலைக்கும் உழவருக்கும் இடையிலான நிலுவைத் தகராறுகளும் ஒருவகையில் மின்சாரப் பிரச்சினையே.

சமதளத் தரிசு நிலம் தாராளமாக இருக்கையில் தகடு பரப்ப என்ன தடை என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கமுதி நிலையம் 2,500 ஏக்கரில் அமைந்தது, அதாவது மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நான்கு ஏக்கர். பதிவேட்டில் தரிசு என்றிருக்கும் நிலம் பெரும்பாலும் ஆடுமாடு மேயும் புறம்போக்கு அல்லது மழைநீர் தேங்கும் தாழ்நிலம். திண்டிவனத்துக்குக் கிழக்கே, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியின் கரைகளில் இந்த வேறுபாட்டை மறப்பது பெருந்தவறாகும். தகடு தரும் மின்சாரத்தைச் சுமந்து உயர்அழுத்தக் கம்பி செல்லும் வயலின் உரிமையாளரிடமிருந்தோ நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பயன்பாடு மட்டும் கட்டுப்படுத்தப்படுகிறது. 2024 ஜூனில் ஒன்றிய மின்துறை அமைச்சகம் கோபுரம் நிற்கும் பரப்புக்கு நில மதிப்பில் 200 சதவீதமும் கம்பி செல்லும் பட்டைக்கு 30 சதவீதமும் இழப்பீடாக வழங்கலாம் என்று வழிகாட்டியது. கணக்கில் எது நில மதிப்பு, வழிகாட்டி மதிப்பா சந்தை விலையா என்பதில்தான் வழக்கு நீள்கிறது.

இலவச விவசாய மின்சாரத்துக்கும் சூரிய மின்சாரத்துக்கும் தொடர்பே இல்லை என்ற எண்ணம் இவற்றுள் மிகவும் நட்டம் விளைவிப்பது. 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா உழவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். இணைப்புகள் 20 லட்சத்தைக் கடந்துவிட்டன. மோட்டாரை இயக்கத் தேவையான மும்முனை மின்சாரம் நெடுங்காலம் முறைவைத்து, ஒரு பகுதி இரவிலும் வழங்கப்பட்டதால், நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் கட்ட நள்ளிரவில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து, பாம்புக்கும் அறுந்து கிடக்கும் கம்பிக்கும் அஞ்சி மோட்டார் கொட்டகைக்குப் போன தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. பாசனம் நாளின் எந்த நேரத்திலும் நடக்கக்கூடிய வேலை. இறைத்த நீர் வயலில் தங்கிவிடுவதால் அதற்குப் பேட்டரி வேண்டியதில்லை. நண்பகல் மின்சாரம் மிஞ்சும் மாநிலத்தில் அதை உறிஞ்சிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான சுமை வேறில்லை.

ஆனால் இன்று முன்னிறுத்தப்படுவது தனித்து நிற்கும் சூரிய பம்புசெட். வேளாண்மைப் பொறியியல் துறை அதற்கு 60 சதவீத மானியமும் ஆதிதிராவிட, பழங்குடியினச் சிறு குறு உழவருக்கு 70 சதவீத மானியமும் தருகிறது. மின்இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் உழவருக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிலக்கடலை அறுவடையாகி நிலம் ஓய்ந்திருக்கும் வாரங்களில் அந்தத் தகடுகளின் மின்சாரம் எவருக்கும் பயன்படாமல் வீணாகிறது. மாறாக, ஊர்த் துணைமின் நிலையத்தை ஒட்டிச் சில மெகாவாட் தகடுகளை நிறுவி, பம்புசெட்டுகளுக்கான தனி பீடருக்கு, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் விநியோகத் தடத்துக்கு, பகலில் மின்சாரம் கொடுத்தால் மிச்சமும் வீணாகாது, தொலைதூரக் கம்பி இழப்பும் குறையும். மகாராஷ்டிரம் 2017 முதல் இவ்வழியில் செல்கிறது. வீடும் மோட்டாரும் ஒரே பீடரில் இணைந்திருக்கும் ஊர்களில் அவற்றைப் பிரித்தாக வேண்டும், அதற்குக் கம்பியும் மின்மாற்றியும் செலவும் வேண்டும். இவ்வட்டாரத்தின் பாறைநிலத்தில், குறிப்பாகச் செஞ்சிப் பக்கம், நிலத்தடி நீர் மிகக் குறைவு என்பதால் பகல் முழுவதும் தடையற்ற மின்சாரம் கிணற்றையே வற்றச் செய்துவிடும் அபாயமும் உண்டு. ஆகையால் மோட்டாருக்கு மீட்டர் பொருத்தி, கட்டணம் வசூலிக்காமல், உழவர் இறைக்காமல் விட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவருக்கே பணம் கொடுக்கும் ஏற்பாடு பீடர் பிரிப்போடு சேர்ந்தே வர வேண்டும்; மீட்டர் வந்தால் இலவசம் போய்விடும் என்ற உழவரின் அச்சம் நியாயமானது என்பதால், இலவசம் தொடரும் என்ற உறுதியை அரசு அரசாணையாகவே முதலில் வெளியிட வேண்டியிருக்கும்.