நடைபவனிக்கு முன் நமது கான்களைப் பார்ப்போம்

வியாபார நண்பர்கள் சிலர் என்னிடம் அடிக்கடி ஒரு யோசனை கூறுவதுண்டு. "அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை ஒரு நடைபவனி செய்வோம். நிதி திரட்டுவோம். அந்தப் பணத்தில் பிங்கா ஓயாவையும் மகாவலியையும் பாதுகாப்போம்" என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நாம் வியாபாரிகள். எந்தக் காரியத்திலும் முதல் எவ்வளவு, செலவு எவ்வளவு, கைக்கு வருவது என்ன என்று பார்த்தே இறங்குகிறோம். பொதுக் காரியத்தில் மட்டும் அந்தக் கணக்கை ஏன் மறக்க வேண்டும்?

முதலில் சரக்கைப் பற்றித் தெரிந்துகொள்வோம். கண்டி நகரமும் சுற்றுப்புறமும் குடிக்கும் நீரில் பெரும்பகுதி மகாவலியிலிருந்தே எடுக்கப்படுகிறது. கண்டி வாவியில் தொடங்கும் மெத எல, நகரத்தின் ஊடாக, கடைகளின் பின்புறமாக ஓடி, கெட்டம்பே பக்கத்தில் மகாவலியில் விழுகிறது. அக்குறணை வழியாக வரும் பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் அதே ஆற்றைச் சேர்கிறது. கொஹாகொடை குப்பை மேட்டின் கழிவுநீரும் அந்த ஆற்றுக்கே வருகிறது. அதற்குக் கீழே 1976இல் கட்டி முடிக்கப்பட்ட பொல்கொல்ல அணைக்கட்டு, அந்த நீரின் ஒரு பகுதியை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கும், அங்கிருந்து வடக்கேயுள்ள வயல்களுக்கும் அனுப்புகிறது. ஆகவே நமது கடையின் பின்பக்கக் கானில் விடுவது நம் ஊரோடு நின்றுவிடுவதில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போட்டுக் கலங்கலைப் படிய வைக்கிறார்கள். குளோரின் சேர்த்துக் கிருமிகளை அழிக்கிறார்கள். ஆறு எவ்வளவு அசுத்தமாகிறதோ அவ்வளவுக்கு மருந்தும் கூடும், செலவும் கூடும். இதனை யார் செலுத்துவது? நீர்க்கட்டணம் கட்டும் நாமும் வரி கட்டும் நாமும்தான்.

இனி நடைபவனிக்கு வருவோம். இதில் நாம் படிக்க வேண்டிய பாடங்கள் நான்கு.

முதலாவது, பணம் எதற்கு என்பது ஒரே வசனத்தில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகிய இருவரின் முயற்சியில் தெவுந்தர முனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், சுமார் 670 கிலோமீற்றர், 'ட்ரெயில்' என்ற நடைபவனி நடந்தது. இருவரும் ஆடைத் தொழிற்றுறையில் அனுபவமுள்ளவர்கள். 'தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை' என்பதே அவர்களின் வேண்டுகோள். 20 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது, வைத்தியசாலையும் எழுந்தது. 2016இல் மஹரகம வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க வேண்டும் என்று கதீஜா பவுண்டேஷன் கேட்டபோதும் 200 மில்லியன் ரூபா இலக்கு எட்டப்பட்டது. 'சுற்றாடலுக்காக உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் சட்டைப் பைக்குள் கை போகாது. 'இன்ன ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் குப்பை தடுக்கும் வலை, விலை இவ்வளவு' என்றால் போகும்.

இரண்டாவது, செலவு. 300 பேர் நடக்கிறார்கள், ஒவ்வொருவரும் 2,000 ரூபா சேர்க்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். வரவு 6 இலட்சம். டீசேர்ட், தொப்பி, சிற்றுண்டி, பெனர் என்று ஆளுக்கு 1,500 செலவழித்தால் 4 இலட்சத்து 50 ஆயிரம் போய்விடும். மிச்சம் ஒன்றரை இலட்சம். கடையில் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் செய்வோமா? பொலித்தீன் உறையில் சாப்பாட்டுப் பொதியும் பிளாஸ்டிக் போத்தலும் கொடுத்தால் நடந்து போன வழியே புதிய குப்பையாகும். அவரவர் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு வரட்டும்.

மூன்றாவது, கணக்கு. சேரும் பணம் அமானிதம். தனி வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம், ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு, முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவு அறிக்கை. பள்ளிவாசலில் மட்டுமன்றி பன்சலையிலும் சந்தையிலும் அதனை ஒட்ட வேண்டும். ஆறு எல்லோருக்கும் பொது, கணக்கும் அப்படியே இருக்கட்டும். அத்தோடு, வலை போட்டால் மட்டும் போதாது. அக்குறணையில் வெள்ளம் எப்படி வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தேங்கிய குப்பையை அள்ளாமல் விட்டால் அந்த வலையே தண்ணீரை மறித்துக் கடைக்குள் அனுப்பும். ஆகவே பிரதேச சபையின் அனுமதியும், துப்புரவு செய்பவரின் ஓராண்டுச் சம்பளமும் வலையின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.

நான்காவதே மிக முக்கியமானது. நடைபவனியின் பெனரில் நமது கடைப் பெயர் பெரிதாக இருக்கும். அதே கடையின் குழாய் ஓடைக்குள் எண்ணெயைக் கக்கிக்கொண்டிருந்தால், பார்க்கும் சனம் என்ன நினைக்கும்? அந்தத் தெருவில் யாருடைய குழாய் எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். விளம்பரத்துக்குக் கொடுத்த பணம் அவப்பெயராகத் திரும்பி வரும்.

ஹோட்டல் வைத்திருப்பவர்கள் எண்ணெய் பிடிக்கும் தொட்டி ஒன்றை அமைக்கலாம். கழுவிய நீர் அதற்குள் மெதுவாகச் செல்லும்போது எண்ணெய் மேலே மிதக்கும், சோற்றுப் பருக்கை அடியில் படியும், நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறும். ஒழுங்காக அள்ளித் துப்புரவு செய்தால்தான் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் வெறும் பெட்டிதான். கோழிக்கடைக்காரர்கள் இறகையும் குடலையும் தண்ணீரோடு விடாமல் வாளியில் தனியாக எடுக்க வேண்டும். கராஜ் நடத்துவோர் கழிவு எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து, வாங்குவோருக்குக் கொடுக்கலாம். அதில் காசும் வரும். மொத்த வியாபாரிகள் கடை கூட்டும் பொலித்தீனைக் கானுக்குத் தள்ளாமல் கட்டி வைக்கலாம். இவற்றுக்கு ஊர்வலமும் தேவையில்லை, அனுசரணையும் தேவையில்லை.

நண்பர்களே, நடைபவனி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திகதி குறிக்கும் முன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைப் பின்கதவைத் திறந்து கான் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அதைச் சரி செய்த கடைக்காரர் ஐம்பது பேர் முன்னே நடந்தால், பின்னால் வரும் ஊர் நம்பிக்கையோடு பணம் தரும்.