அர்ஜுனா, அர்ஜுனா... அப்புறம் கொஞ்சம் பிசிக்ஸ்

சித்திரை, வைகாசியில் ஒரு மதியம் 3 மணிக்கு மம்சாபுரத்தில் நின்று மேற்கே பாருங்கள். காலையில் பளிச்சென்று தெரிந்த மலை காணாமல் போயிருக்கும். அரை மணி நேரத்தில் புழுதிக்காற்று, தோப்பில் மாங்காய் உதிர்கிற சத்தம், இடி. எங்க அப்பத்தா அரிவாளை எடுத்து வாசலில் போட்டுவிட்டு "அர்ஜுனா, அர்ஜுனா" என்று ஆரம்பித்துவிடும்.

இவ்வளவு வேகமா எப்படி வருது? நம்ம பக்கத்து மலைச்சரிவு கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேரா அதன்மேல் விழுது. சூடான காற்று சரிவோடு மேலே ஏறுது. மதியத்துக்கு மேல் மன்னார் வளைகுடா பக்கமிருந்து ஈரமான கடல்காற்றும் வந்து சேர்ந்தால் போதும். ஏறுகிற காற்று குளிர்ந்து, நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். அதாவது மேகம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும், 12 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டி. உள்ளே ஐஸ் துகள்கள் மோதி மோதி மின்னூட்டம் பிரியுது. ட்ரிபிள்-ஈ நண்பர்களே, இதைவிடப் பெரிய கெபாசிட்டரை நீங்க லேப்ல பார்த்திருக்க மாட்டீங்க. மின்னல் பாயும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி வெடிப்பது போல் விரியுதே, அதுதான் இடி.

மழைக்கு முன் வரும் சில்லென்ற காற்று, மேகத்துக்குள் மழைத்துளி ஆவியானதால் குளிர்ந்து, கனமாகிக் கீழே விழுந்து தரையில் பரவும் காற்று. மாங்காயை உதிர்ப்பது அதுதான். மண்வாசனை வந்தா எங்கேயோ பெய்யுதுன்னு பெரியவங்க சொல்றதும் சரிதான், அந்தக் காற்றுதான் வாசனையைச் சுமந்து வருது.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். ஆனா ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில் காளான் வளரும் கட்டைகளுக்கு உயர் மின்னழுத்த அதிர்ச்சி கொடுத்துப் பார்த்திருக்காங்க. சில வகைகளில் விளைச்சல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. நம்ம ஊர் புற்றுக்காளானுக்கு ஈரமே பெரிய காரணம் என்பதுதான் என் கணிப்பு.

அர்ஜுனன் இந்திரன் மகன், அதனால் அவன் பெயர் சொன்னால் வஜ்ராயுதம் தொடாது என்பது நம்பிக்கை. அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். மின்னலைப் பார்த்ததும் நிதானமா "அர்ஜுனா" எண்ணுங்க, ஒன்றுக்கு ஒரு நொடி. ஒலி கிலோமீட்டருக்குச் சுமார் 3 நொடி எடுக்கும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கு, உள்ளே போயிடணும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. அரிவாள் மின்னலை விரட்டாது; அதைப் போட வாசலுக்கு வருவதுதான் ஆபத்து. மாமரத்தடியில் ஒதுங்குவது அதைவிட மோசம்.

இன்னொன்று, மலை கருத்தால் ஓடையில் இறங்காதே என்பார்கள். 2015 மே மாதம் அமாவாசைக்குச் சதுரகிரி போன பக்தர்கள் சிலர் திடீர் காட்டாற்று வெள்ளத்தில் இறந்தார்கள். பாறைச்சரிவு தண்ணீரை உறிஞ்சாது, பெய்தது அப்படியே ஓடைக்கு வரும். கீழே நீங்க நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறிடுங்க.