லீஸ் வீடு: வாடகை மிச்சமா?

நீலசந்திராவில் மின்கம்பத்தைப் பாருங்கள். பெட்டிக்கடைக் கதவைப் பாருங்கள். "வீடு காலி" என்று சிறு தாள் ஒட்டியிருக்கும். சில தாள் ஆங்கிலத்தில் இருக்கும். சில தாள் கன்னடத்தில் இருக்கும். எண்கள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். 9,000 என்று இருந்தால் அது மாத வாடகை. 6,00,000 என்று இருந்தால்? அது லீஸ்.

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஓர் அக்கா ஒருநாள் அப்படி ஒரு தாளைக் கையோடு கொண்டுவந்தார். அவர் கோரமங்களாவில் நான்கு வீட்டில் வேலை செய்கிறார். கணவருக்குப் பெயின்ட் வேலை. குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப் போவதாக ஓனர் சொல்லிவிட்டார். இரண்டு மாதத்தில் வேறு வீடு பார்க்க வேண்டும்.

"டீச்சர், இது ஆறு லட்சந்தானே? சைபர எண்ணிப் பாத்தேன். அஞ்சு இருக்கு" என்றார்.

சரியாகத்தான் படித்திருந்தார்.

"லீசுக்குப் போனா மாசம் ஒம்போதாயிரம் வாடகை மிச்சம். மூணு வருஷத்துல மூணு லட்சத்துக்கு மேல மிச்சம்னு புரோக்கர் பாய் சொல்றாரு. நிஜமா?"

அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்தோம். இந்தக் கணக்கைப் போட்டோம். நீங்களும் எங்களோடு சேர்ந்து போடுங்கள்.

வாடகையும் லீசும்

வாடகை எல்லோருக்கும் தெரிந்தது. மாதாமாதம் பணம் தருகிறோம். அந்தப் பணம் திரும்பி வராது. வீட்டுக்குள் போகும்போது அட்வான்ஸ் தருகிறோம். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 9,000 ரூபாய் வாடகை என்றால் 90,000 ரூபாய் அட்வான்ஸ். 2021இல் மத்திய அரசு ஒரு மாதிரி வாடகைச் சட்டம் கொண்டுவந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அது மாதிரிதான். மாநில அரசு ஏற்றால்தான் அந்த மாநிலத்தில் செல்லும். ஆகவே பேரம் பேசுவது நம் கையில்தான் இருக்கிறது. பேசினால் குறைக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

லீஸ் வேறு. மொத்தமாக ஒரு தொகை தருகிறோம். மாத வாடகை கிடையாது. இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ குடியிருக்கலாம். காலி செய்யும்போது அதே தொகை திரும்பி வரும். வட்டி வராது. தமிழ்நாட்டில் இதைச் சில ஊர்களில் ஒத்தி என்பார்கள். சில ஊர்களில் போக்கியம் என்பார்கள்.

அக்காவின் கணக்கு

ஆறு லட்சம் எங்கிருந்து வரும் என்று கேட்டோம். அக்கா விரல் விட்டுச் சொன்னார். சீட்டு எடுத்த பணமும் சேமிப்பும் மூன்று லட்சம். நகையை அடகு வைத்தால் இரண்டு லட்சம். அதற்கு ஒரு வட்டி. மீதி ஒரு லட்சம் தெரிந்தவரிடம் கடன். அதற்கு மூன்று வட்டி.

ஒரு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு ரூபாய். மாதக் கணக்கில் சொல்லும்போது சின்னதாகத் தெரியும்.

இப்போது கரும்பலகையில் எழுதினோம்.

நகைக் கடன் 2,00,000. ஒரு வட்டி. மாதம் 2,000 ரூபாய்.
கைக்கடன் 1,00,000. மூன்று வட்டி. மாதம் 3,000 ரூபாய்.
சொந்தப் பணம் 3,00,000. வட்டி இல்லை.

"சொந்தப் பணத்துக்கு ஏது செலவு?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. அந்த மூன்று லட்சத்தை வங்கியில் போட்டு வைத்திருந்தால் வட்டி வந்திருக்கும். நூற்றுக்கு ஆண்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18,000 ரூபாய். மாதம் 1,500 ரூபாய். ஓனரிடம் கொடுத்தால் அது வராது. வராத பணமும் செலவுதான்.

மூன்றையும் கூட்டினோம். 2,000 + 3,000 + 1,500 = 6,500.

வாடகை 9,000. அதில் 6,500 போனால் மிச்சம் 2,500 ரூபாய். ஒன்பதாயிரம் மிச்சம் என்று நினைத்திருந்தார் அக்கா. மூன்றாண்டு முடிந்தாலும் 90,000 ரூபாய்தான் மிச்சம். அதுவும் கடனுக்கு வட்டி மட்டும் போட்ட கணக்கு. அசலையும் அடைக்க வேண்டும்.

இன்னொரு வழியிலும் போட்டுப் பார்த்தோம். ஆறு லட்சமும் சொந்தப் பணம் என்றால் மாதம் 3,000தான் செலவு. 6,000 ரூபாய் மிச்சம். அப்படியானால் லீஸ் நல்ல ஏற்பாடுதான். ஆறு லட்சமும் ஒன்றரை வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி 9,000. வாடகையும் 9,000. மிச்சம் ஒன்றுமில்லை. இரண்டு வட்டி என்றால் 12,000. மாதம் 3,000 ரூபாய் கைநஷ்டம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மூணு வட்டிக் கடன விட்டுட்டா?" என்றார். கணக்கு அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

தரகர் சொன்னது

மறுநாள் நானும் அக்காவும் புரோக்கர் பாயைப் பார்க்கப் போனோம். அவர் இந்தப் பகுதியில் பல காலமாக வீடு பிடித்துக் கொடுப்பவர். ஏமாற்றும் ஆள் என்று நினைத்துத்தான் போனேன். அவர் பேசியதில் பாதி எனக்குப் பாடமாக இருந்தது.

"முன்னாடி இங்க ஓட்டு வீடு, ஷீட்டு வீடுதாம்மா ஜாஸ்தி. இப்போ அதே சின்ன சைட்டுல மூணு மாடி, நாலு மாடி. ஓனருக்கு அவ்ளோ காசு ஏது? கீழ் வீட்ட லீசுக்கு விட்டு, அந்தக் காசுல மாடி கட்டுவாங்க. உங்க காசு அவங்களுக்கு வட்டியில்லாக் கடன்."

"வாடகை ஏறிக்கிட்டே இருக்குதே பாய்?" என்றார் அக்கா.

"2020ல கொரோனா வந்தப்போ ரூம் ரூமா காலி. டு லெட் போர்டு தொங்குச்சு, கேக்க ஆள் இல்ல. 2022ல ஆபீசெல்லாம் தொறந்தாங்க. வாடகை ஏற ஆரம்பிச்சுது. இன்னும் எறங்கல. வருஷா வருஷம் ஏத்தலாம்னா ஓனர் வாடகைக்குத்தான் விடுவாரு. அப்படியும் ஒருத்தர் லீசுக்கு விடறாருன்னா, அவருக்கு மொத்தமா காசு வேணும். எதுக்கு வேணும்னு கேளுங்க. மாடி கட்டவா, பொண்ணு கல்யாணத்துக்கா, கடன் அடைக்கவா?"

"திருப்பித் தரும்போது எங்கிருந்து தருவாரு?" என்று நான் கேட்டேன்.

பாய் சிரித்தார். "அடுத்து வர்றவங்க குடுக்கற காசுதாம்மா."

இந்த ஒரு பதிலை நன்றாக மனதில் வைக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பணம் ஓனரின் பெட்டியில் இல்லை. அது செங்கல்லாகவோ நகையாகவோ போய்விட்டது. அடுத்த குடித்தனக்காரர் வரவில்லை என்றால் உங்கள் பணமும் வராது.

கடல் தாண்டிய ஒரு நாட்டிலும் இது நடந்தது. தென்கொரியாவில் லீசைப் போலவே ஒரு வழக்கம் உண்டு. அதற்கு ஜொன்சே என்று பெயர். மொத்தமாகப் பணம் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பார்கள். 2022இல் அங்கே வீட்டு விலை இறங்கியது. புதிதாக வருபவர்கள் குறைந்த தொகைதான் தருவோம் என்றார்கள். நூற்றுக்கணக்கில் வீடு வைத்திருந்த சில ஓனர்களால் பழையவர்களுக்குப் பணம் திருப்பித் தர முடியவில்லை. பணத்தை இழந்த சிலர் உயிரையும் விட்டார்கள். 2023இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அவர்களுக்கு உதவத் தனிச் சட்டம் இயற்றியது. படித்தவர்களும் வசதியானவர்களும் நிறைந்த நாடு அது.

பெங்களூரிலும் அண்மை ஆண்டுகளில் வேறு வகை மோசடிகள் வெளிவந்தன. நடுவில் ஒரு கம்பெனி நிற்கும். ஓனரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுக்கும். குடிவருபவரிடம் லட்சக்கணக்கில் லீஸ் தொகை வாங்கிக்கொள்ளும். சில மாதம் ஓனருக்கு வாடகை கட்டும். பிறகு கம்பெனி பூட்டிக் கிடக்கும். ஓனர் வந்து வீட்டைக் காலி செய் என்பார். ஆகவே பணம் யார் கையில் போகிறது என்று பாருங்கள். பத்திரத்தில் உள்ள பெயரும், வங்கிக் கணக்கில் உள்ள பெயரும், வீட்டு வரி ரசீதில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், இந்த ஒப்பீட்டை நீங்களே செய்யலாம்.

கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

நம் ஊரில் லீஸ் பத்திரம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். கன்னடத்தில் "போக்யத கரார் பத்ர" என்று தலைப்பு இருக்கும். நாம் தமிழ் படிக்கக் கற்றோம். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். கன்னடம் தெரிந்த பிள்ளை ஒன்று ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதி, தொகை, எத்தனை ஆண்டு என்ற எண்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பணம் எப்போது திரும்பும் என்ற வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். "அடுத்த குடித்தனம் வந்த பின்" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சாவி கொடுக்கும் நாளில் பணம் என்று எழுதச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்று என்று ஒரு தாள் உண்டு. ஈ.சி. என்று சொல்வார்கள். வீட்டை யாருக்காவது விற்றிருக்கிறாரா, பதிவு செய்து அடமானம் வைத்திருக்கிறாரா என்று அதில் தெரியும். சார்பதிவாளர் அலுவலகம் தருவது அது. கர்நாடக அரசின் காவேரி இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பத்திரத்தை வங்கியில் கொடுத்து வாங்கிய கடன் சில நேரம் ஈ.சி.யில் வராமல் போகலாம். அதனால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் போதாது.

ஏன் இவ்வளவு கவனம்? ஓனர் வங்கிக் கடனைக் கட்டவில்லை என்று வையுங்கள். 2002இல் சர்ஃபேசி என்ற சட்டம் வந்தது. வழக்குப் போட்டுக் காத்திராமல் வீட்டை எடுத்து ஏலம் விட அது வங்கிக்கு அதிகாரம் தருகிறது. குடியிருப்பவரின் ஆறு லட்சத்துக்கு வங்கி பொறுப்பல்ல.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். செலவுக்குப் பயந்து பலரும் வெறும் முத்திரைத் தாளில் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். ஆறு லட்சம் கொடுப்பவர் அந்தச் செலவுக்கு யோசிப்பது எனக்கு விளங்கவில்லை. பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். தகராறு வந்தால் சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

அக்கா என்ன செய்தார்?

அக்கா ஏற்கெனவே 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். மூலப் பத்திரம் எங்கே என்று ஓனரிடம் கேட்டார். சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறது என்றார் ஓனர். அடுத்த வாரம் கேட்டபோது ஊரில் இருக்கிறது என்றார். கடைசியில் பாய்தான் உண்மையைச் சொன்னார். "பேங்குல இருக்கும்மா. லோன் கட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. பயமில்ல."

அக்கா பயந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டார். நாலு தடவை நடந்தார். 7,000 ரூபாய் வந்தது. 3,000 போனது.

இப்போது ஈஜிபுரா பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார். வாடகை 8,500. அட்வான்ஸ் 85,000 கேட்டார்கள். பேசிப் பேசி 60,000 ஆக்கினார். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் விசாரித்த பிறகே பணம் கொடுத்தார். 2024 கோடையில் பட்ட பாடு மறக்கவில்லை. மீட்டர் தனியாக இருக்கிறது. 2023இல் கர்நாடக அரசு தொடங்கிய கிருஹ ஜோதி மின்சாரச் சலுகை வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. பழைய மீட்டரிலிருந்து ஆதாரை நீக்கிப் புது மீட்டரில் சேர்த்தார். விண்ணப்பத்தில் கையெழுத்தை அவரே போட்டார்.

மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது. நகை வீட்டில் இருக்கிறது. ஆனாலும் அக்காவுக்கு முழு நிம்மதி இல்லை. "மாசம் பொறந்தா எட்டாயிரத்து ஐந்நூறு எண்ணிக் குடுக்கறப்போ வயிறு எரியுது டீச்சர். மூலப் பத்திரம் காட்டற ஓனர் கெடச்சா லீசுக்குப் போயிடுவேன்" என்கிறார். மூன்று வட்டிக் கடன் வாங்காமல், கையில் உள்ளதற்கு ஏற்ற சின்ன வீடாகப் பார்க்கச் சொல்லி பாயிடம் மறுபடியும் போயிருக்கிறார்.

நீங்கள் போட வேண்டிய கணக்கு

ஒரு வீட்டுக்கு மாத வாடகை 7,000 ரூபாய். அதே வீடு லீசுக்கு 4 லட்சம். உங்களிடம் சொந்தப் பணம் 2 லட்சம் இருக்கிறது. வங்கியில் போட்டால் நூற்றுக்கு ஆண்டுக்கு 6 ரூபாய் வரும். மீதி 2 லட்சத்தை இரண்டு வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். லீசுக்குப் போனால் மாதம் எவ்வளவு மிச்சம்?

மிச்சத்தைக் கண்டுபிடித்த பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்த மிச்சத்துக்காக 2 லட்சம் கடன் வாங்குவீர்களா? கடனின் அசலை எத்தனை மாதத்தில் அடைப்பீர்கள்? விடையை அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.