ஓடும் எழுத்துப் பலகை: வாங்குமுன் அறிய வேண்டியவை

அரிசி விலை மாறினால் கரும்பலகையில் அழித்து எழுதித் தொங்கவிடுவது நம் வழக்கம். இன்று பல கடைகளில் அதன் இடத்தில் எல்.இ.டி. விளக்குப் பலகை ஓடுகிறது. ஆனால் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் விற்றவரையே தேடிப் போக வேண்டியிருந்தால், சிப்பத்தின் பழைய விலையே ஓடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளரோடு வாக்குவாதமும் வரும். பலகை இயங்கும் விதம் தெரிந்தவருக்கு இந்தச் சிரமம் இல்லை. அதை அறிய நல்ல வழி, உதிரிப் பாகங்களை வாங்கி நாமே ஈயம் வைத்துப் பற்றவைக்கும் சிறு பலகைதான்.

தறியும் பலகையும்

ஆரணியில் உள்ளவர்களுக்கு இது புதிய வித்தை அன்று. பட்டுச் சேலையின் பூ வேலையை முதலில் கட்டத்தாளில் வரைந்து, அதன்படி ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள். துளை உள்ள இடத்தில் பாவு நூல் தூக்கப்படும்; இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். பலகையிலும் கட்டத்துக்கு ஒரு விளக்கு. எரி, அணை என்று இரண்டே கட்டளை.

ஒரு சதுரத்தில் 8 வரிசை, வரிசைக்கு 8 விளக்கு, ஆக 64. ஊடை ஊடையாக நெய்வதுபோல, மேக்ஸ் 7219 என்ற சில்லு ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் எரிக்கிறது. நொடிக்குச் சுமார் 800 சுற்று வருவதால் நம் கண்ணுக்கு முழு எழுத்தும் நிலையாகத் தெரிகிறது. விளக்குக்கு 20 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், 64 விளக்கும் ஒருசேர எரிய 1,280 மில்லி ஆம்பியர் வேண்டும்; ஒரு வரிசைக்கு 160 போதும்.

எதை எழுதுவது என்று சொல்வது மைக்ரோ கண்ட்ரோலர். 2005இல் இத்தாலியில் தோன்றிய அர்டுயினோ அட்டை இதற்கு எளிது. மின்சாரம் நின்று வந்தாலும் அதில் ஏற்றிய நிரல் அழியாது.

பற்றவைக்கும்போது

1. முதலில் மின்தடை, சில்லின் சாக்கெட் போன்ற தாழ்வான பாகங்களை வையுங்கள். 10 கிலோ ஓம் மின்தடைதான் எல்லா விளக்குகளின் ஒளியையும் நிர்ணயிக்கிறது.
2. மின்தேக்கியின் நீண்ட கால் கூட்டல் குறியுள்ள துளைக்குச் செல்ல வேண்டும்.
3. சில்லின் வெட்டுக்குறியை அட்டையில் உள்ள குறியோடு பொருத்துங்கள்.
4. காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யுங்கள், முடிந்ததும் கைகழுவுங்கள்.
5. 5 வோல்ட் அடாப்டரையே பயன்படுத்துங்கள். 230 வோல்ட் இணைப்பில் கை வைக்க வேண்டாம்.

தமிழ் எழுத்து

நான்கு சதுரங்களை வரிசையாக இணைத்தால் அகலம் 32 புள்ளி, உயரம் 8 புள்ளி. ஆங்கில எழுத்துக்கு இந்த உயரம் போதும். மேலே சுழியும் கீழே வளைவும் உள்ள ‘கீ’, ‘ணு’ போன்றவை இதில் நெருக்கிக்கொள்ளும். தமிழுக்கு 16 புள்ளி உயரமே தெளிவு. மேலும், நிரலோடு வருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே. தமிழைக் கட்டத்தாளில் வரைந்து நாமே ஏற்ற வேண்டும். கல்லாவின் அருகே வைக்கச் சிறு பலகை போதும். தெருவை நோக்கி வைப்பதற்குப் பி10 வகையைக் கேளுங்கள். அதன் ஒரு தகட்டில் 32க்கு 16 புள்ளிகள், 10 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ளன.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

எழுத்தை நாமே மாற்றலாமா? அதற்கான மென்பொருளும் கடவுச்சொல்லும் நம்மிடம் தரப்படுமா? தமிழை முன்னால் ஓட்டிக் காட்டுவார்களா? ஒரு தகடு பழுதானால் அதை மட்டும் மாற்றலாமா? மழை படும் இடத்துக்கு ஏற்றதா? இவற்றுக்கு விடை பெற்ற பின்னரே முன்பணம் கொடுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், முதலில் அவர்களைக் கொண்டு ஒரு சிறு பலகையைச் செய்து பாருங்கள். அதன் பிறகு பெரிய பலகைக்கு விலை பேசும்போது, எது தேவை, எது தேவையில்லை என்று நீங்களே சொல்வீர்கள்.