மறந்து விழிக்கும் இயந்திரம்

எங்கள் பாட்டிக்கு முதுமையில் மறதி அதிகம். மறுநாள் செய்ய வேண்டியதை இரவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பால் பாத்திரத்தின் அடியில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். மேசைமேல் வைத்தால் என்ன என்று கேட்டேன். "மேசையைப் பார்க்க வேண்டும் என்பதே காலையில் நினைவிருக்காதே! பால்காரர் மணியடித்தால் கை தானாகப் பாத்திரத்துக்குப் போகும்" என்றார்கள். கணிப்பொறி ஒன்றுக்கும் ஒருகாலத்தில் இதே ஏற்பாடு தேவைப்பட்டது. அந்தக் கதையைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கணிப்பொறியின் மூளை எனப்படும் நுண்செயலிக்குள் ரெஜிஸ்டர்கள் என்ற மிகச் சிறிய அறைகள் சில உண்டு. இப்போது எந்த எண்ணைக் கையாள்கிறோம், அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது என்பனவெல்லாம் அந்த அறைகளில்தான் இருக்கும். ரீசெட் என்னும் மின்குறி வந்துவிட்டால், செயலி கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட முகவரியிலிருந்து புதிதாய்த் தொடங்கும். அதற்குமுன் ரெஜிஸ்டர்களில் இருந்தவற்றை அதன்பின் நம்ப முடியாது.

அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும் செயலியை வேண்டுமென்றே ரீசெட் செய்ய எவராவது துணிவார்களா? துணிந்தார்கள்; வேறு வழியில்லாததால் துணிந்தார்கள்.

1978-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086 செயலியால் 1 மெகாபைட் நினைவகத்தையே எட்ட முடிந்தது. 1982-இல் வந்த 80286, 16 மெகாபைட் வரை எட்டியது. ஆனால் அதற்கு இரண்டு முறைமைகள். பழைய 8086 போலவே நடந்துகொள்வது ஒன்று. ஒரு நிரல் மற்றொன்றின் இடத்தில் கைவைக்காதபடி காவல் காக்கும் 'பாதுகாப்பு முறைமை' மற்றொன்று. 1 மெகாபைட்டுக்கு மேலுள்ள பெரும்பகுதியைத் தொட வேண்டுமானால் இரண்டாவதற்குள் செல்ல வேண்டும். செல்வது எளிது: ஒரு கட்டளையால் ஒரே ஒரு பிட்டை 1 ஆக்கினால் போதும். அதே பிட்டை மீண்டும் 0 ஆக்கக் கட்டளை எதுவும் தரப்படவில்லை. உள்ளே போனவர் திரும்பி வரவே விரும்பமாட்டார் என்று வடிவமைத்தவர்கள் எண்ணினார்கள் போலும்!

ஆனால் மக்களிடம் இருந்த நிரல்களோ பழைய முறைமைக்காக எழுதப்பட்டவை. உள்ளே போய்ப் பெரிய நினைவகத்திலிருந்து தேவையானதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தே ஆக வேண்டும். வெளியே வரும் வாசலோ ரீசெட் ஒன்றுதான்.

1984-இல் ஐபிஎம் நிறுவனம் 80286-ஐ வைத்து பிசி/ஏடி என்னும் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. விசைப்பலகையைக் கவனிக்க அதில் 8042 என்ற தனிச் சிறு சிப் ஒன்று உண்டு. அதன் கம்பி ஒன்றைச் செயலியின் ரீசெட் முனையோடு இணைத்துவிட்டார்கள். செயலி 100 என்ற எண்ணுடைய போர்ட்டுக்கு 254 என்று அனுப்பினால், அந்தச் சிப் செயலியையே ரீசெட் செய்துவிடும். விசைப்பலகைக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். அதில் ஒரு கம்பி சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

இந்த ரீசெட் செயலியை மட்டுமே தொடும். நினைவகத்தில் எழுதியது அப்படியே இருக்கும். ஆகவே ரெஜிஸ்டர்களில் உள்ளவற்றை முன்கூட்டியே ஸ்டாக்கில் எழுதி வைக்கலாம். கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போன்றது ஸ்டாக். கடைசியில் வைத்ததே முதலில் கைக்கு வரும். ஆனால் அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்ற விவரமும் இரண்டு ரெஜிஸ்டர்களில்தானே இருக்கிறது! அவை இரண்டையும் நினைவகத்தில் நிலையான ஓர் இடத்தில் தனியே குறித்தாக வேண்டும்.

விழித்தெழும் செயலி எதைப் பார்த்து நடக்கும்? அது முதலில் படிப்பது பயாஸ் என்னும் நிலையான நிரலை. புதிதாய் மின்சாரம் வந்த நாளென்றால் பயாஸ் நினைவகம் முழுவதையும் சோதித்துத் துடைத்துவிடும். நடுவழியில் அப்படி நேர்ந்தால் எல்லாம் போயிற்று. எனவே, பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப்பில் உள்ள 64 பைட்டுகளில், 15 என்ற எண்ணுடைய பைட்டை பயாஸ் தொடக்கத்திலேயே பார்க்கும். இதுதான் பால் பாத்திரம். அதில் 10 என்று எழுதியிருந்தால், "சோதனை வேண்டாம், நினைவகத்தில் 1127-ஆம் பைட் முதல் நான்கு பைட்டுகளில் ஒரு முகவரி உள்ளது, அங்கே போ" என்று பொருள். அங்கே நம் நிரலின் அடுத்த கட்டளை காத்திருக்கும். அது முதலில் ஸ்டாக்கின் இடத்தைத் திரும்ப எடுக்கும். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கும்.

இடையில் வேறு எவரும் கூப்பிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் குறுக்கீடுகளை ஒரு கட்டளையால் தடுக்கலாம். அதற்கும் அடங்காத அவசரக் குறுக்கீடு ஒன்று உண்டு. கடிகாரச் சிப்பில் எந்த பைட் வேண்டும் என்று சொல்லும் 112-ஆம் போர்ட்டிலேயே அதற்கும் தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள். 15-உடன் 128-ஐக் கூட்டி 143 என்று அனுப்பினால், பைட்டும் தேர்வாகும், தாழ்ப்பாளும் விழும். எல்லாம் முடிந்து 254-ஐ அனுப்பிய பிறகும் செயலி சும்மா இருக்காது. விசைப்பலகைச் சிப் மெதுவானது, அதற்குள் செயலி பல கட்டளைகளை ஓட்டிவிடும். ஆகவே உடனே 'நில்' என்ற கட்டளையைக் கொடுத்துச் செயலியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

இதை நான் முதன்முதலாய் எழுதிப் பார்த்தபோது ஸ்டாக்கின் உச்சியைக் குறித்தேன். அது நினைவகத்தின் எந்தப் பகுதியில் என்பதைக் குறிக்கவில்லை. இரண்டாவது ரெஜிஸ்டரை மறந்துவிட்டேன். விழித்த செயலி வேறெங்கோ கிடந்த எண்களைத் தன்னுடையவை என்று எடுத்துக்கொண்டது. திரை உறைந்து நின்றது. மின்சாரத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. இரண்டு மாலைப்பொழுதுகள் தட்டச்சு செய்து நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்த கோப்பு அதோடு போயிற்று. மீண்டும் தட்டச்சு செய்தேன், வேறென்ன!

1985-இல் அறிவிக்கப்பட்ட 80386-இல் அந்தப் பிட்டை 0 ஆக்கவும் கட்டளை கிடைத்தது. ஆயினும் எழுதிவைத்துவிட்டு உறங்கும் பழக்கம் போய்விடவில்லை. பல மடிக்கணினிகளை மூடும்போது செயலிக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது, நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு ஓடிக்கொண்டிருக்கிறது. மூடுவதற்குமுன் இயக்கமுறைமை ரெஜிஸ்டர்களை நினைவகத்தில் எழுதி, விழித்ததும் போக வேண்டிய முகவரியை ஓர் அட்டவணையில் வைத்துவிடும். திறந்ததும் நிலைநிரல் முதலில் தேடிப் பார்ப்பது அந்த முகவரியைத்தான்.