துறைதோறும் ஒரு நூல்

நுழையும்முன்

பள்ளிப்படிப்பு நிறைவுறும் நாளில் பாடநூல் நம் கையை விட்டு நீங்குகிறது. அதன்பின் இன்ன நூலைப் படி எனப் பணிப்பவர் எவரும் இலர். அந்நாளில் வாசிப்பும் உடன் நின்றுவிடுமா, வாழ்நாள் முழுதும் தொடருமா என்பது நாம் தேர்ந்தெடுக்கும் நூல்களைப் பொறுத்ததாகும்.

உரிய நூல்

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் இரா. அரங்கநாதன், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு என்னும் கருத்து அவ்விதிகளுள் ஒன்று. ஆகவே, ஒரு நூல் கவரவில்லையெனின் வாசிப்பே நமக்கு ஒவ்வாது என முடிவுசெய்தல் பொருந்தாது. வேறொரு துறையின் நூலை நாடுதலே தக்கது.

தன்வரலாறு

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ முதலில் படிக்கத்தக்கது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த இந்நூல், 1942இல் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறவில்லை. ஏட்டுச்சுவடிகளைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்த வரலாற்றை அறிந்தபின், சீவக சிந்தாமணியை அச்சுநூலாகக் காணும்பொழுது அதன் அருமை விளங்கும். நூல் பெரிது, எனினும் எளிய உரைநடையும் சிறு அத்தியாயங்களும் உடையது. நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் படிக்கலாம்.

சிறுகதை

நெடிய நூலுக்குப் பொழுதில்லாதோர் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையைப் படிக்கலாம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவரும் ஒருவரையும், அவரது அன்புக்கு ஏங்கும் சிறுவன் ஒருவனையும் பற்றிய கதை அது. அறியாமலே ஒரு பிள்ளையின் மனத்தை நாம் எவ்வாறு புண்படுத்துகிறோம் என்பதைச் சில பக்கங்களில் அக்கதை உணர்த்திவிடுகிறது. இப்பெயரிலமைந்த தொகுப்பிற்கு 1970இல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பெற்றது.

புதினமும் மொழிபெயர்ப்பும்

இராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் கூறுவது. களத்திற்கே சென்று செய்தி திரட்டி எழுதுவது அவர்தம் இயல்பு. நாள்தோறும் உணவில் சேரும் உப்பிற்குப் பின்னுள்ள உழைப்பை இந்நூல் காட்டுகிறது. இதனையடுத்துத் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ படிக்கத்தக்கது. கேரளக் கடற்கரை மீனவர் வாழ்வைக் கூறும் இம்மலையாளப் புதினத்தைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியுள்ளார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர், நெய்தல் நிலத்தின் இருவேறு தொழில்களையும் துயரங்களையும் ஒப்புநோக்க இயலும்.

இயற்கை

கதையில் நாட்டமில்லாதோர்க்கு மா. கிருஷ்ணனின் கட்டுரைத் தொகுப்பான ‘மழைக்காலமும் குயிலோசையும்’ ஏற்றது. காட்டுயிர் ஒளிப்படக் கலைஞராகவும் விளங்கிய அவர், பறவைகளையும் விலங்குகளையும் நேரில் நோக்கி எழுதினார். படித்தபின் நம் தெருவிலுள்ள மைனாவும் அணிலும் புதியனவாகத் தோன்றும்.

இந்நூல்கள் தொடக்கமே, முடிவல்ல. ஒருதுறை நூல்களையே படிப்போர் தாம் முன்னரே விரும்பியதை மீண்டும் மீண்டும் காண்பர். துறை மாற்றிப் படிப்போர்க்குத் தாம் வாழாத வாழ்வும் புலனாகும்.

தெரிந்து தெளிவோம்

விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம், 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமாகும். அது உருவானதில் அரங்கநாதனுக்குப் பெரும்பங்கு உண்டு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகி, இதுவரை நீங்கள் படித்திராத துறையின் நூலொன்றைப் படித்து, ஒரு பக்க அளவில் மதிப்புரை எழுதுக.

2. நும் வீட்டிலுள்ளோர் ஒருவருக்கு ஏற்ற நூலைத் தேர்ந்து, அதற்கான காரணத்தை வகுப்பில் எடுத்துரைக்க.